நாய்ப் பங்கு

மன்னிப்புக் கேட்க உலகத்தில் எத்தனையோ சுலபமான வழிகள் இருக்கின்றன. நேரில் போய், "என் மேலதாம்மா தப்பு" என்று சொல்லி ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அதற்குக் கூச்சமாக இருந்தால் போன் பண்ணலாம். அதற்கும் கூச்சமென்றால் இரண்டு கை கூப்பிய பொம்மைப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுக் கமுக்கமாக இருந்துகொள்ளலாம். காஞ்சிபுரம்–ஐயம்பேட்டை வழித்தட ஷேர் ஆட்டோ ஓட்டுநர் நலச் சங்கத்தின் தலைவர் வீரபத்திரன் இவற்றில் எதையும் செய்யவில்லை. அவர் ஒரு வேட்டை நாயைத் தேடிப் பிடித்தார்.

மன்னிப்புக்கு உரியவள் அவருடைய ஒரே தங்கை கலையரசி. ஓரிக்கையில், பாலாற்றங்கரையை ஒட்டி வீடு. ஆட்டோ ரேடியோவில் விளம்பரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் இரண்டு வருஷமாக அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. காரணம் சாதாரணமானதல்ல. கலையரசியின் மகன் கமல் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் கட்டிய பிளக்ஸ் பேனரில் தாய்மாமன் வீரபத்திரனின் முகம் கீழ் மூலையில், பேனர் அடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், சுண்டைக்காய் அளவில் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஜெபகுமாரின் முகமோ பூசணிக்காய் அளவில் மேலே சிரித்துக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவராக இருக்கிற ஒரு மனிதர் இதை எப்படித் தாங்குவார்? பந்தியில் உட்கார்ந்தவர், இலையில் வடை விழும்வரை பொறுத்திருந்து, எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு எழுந்தார். வந்த கோபத்தில், கொண்டுவந்த மாமன் சீர்த்தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போனார். தட்டில் பட்டுப்புடவை, வேட்டி, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. வழியில் பழம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கோபத்திலும் பசிக்கும் அல்லவா?

இப்போது அவர் மகள் பிரவீனாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைக்கவேண்டியது அத்தை.

"அத்த இல்லாத நிச்சயம்னா சம்மந்தி வூட்ல கேக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி வடிவு. "போய் ஒரு வார்த்த கூப்டுங்களேன்."

"நானா? நான் போயி அவ வாசல்ல நிக்கறதா? என் பின்னாடி சங்கத்துல எத்தினி பேரு இருக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அவங்கள்ல யாரும் பொண்ணுக்கு அத்த இல்லியே."

வீரபத்திரன் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் கேட்பார்கள் என்பது மட்டுமல்ல அவர் கவலை. இந்த இரண்டு வருஷத்தில், ஓரிக்கைச் சவாரி வந்தால் டிரைவரை இறக்கிவிட்டு, "நீ டீ குடி, நானே போயிட்டு வரேன்" என்று அவரே ஓட்டிப் போவார். அந்தத் தெருமுனையில் தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிப்பார். யாராவது எட்டிப் பார்த்தால் உடனே வேகமெடுப்பார். இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

யோசனை ஒரு மத்தியானம், ஸ்டாண்டில் ஆள் சேரக் காத்திருந்தபோது, போனில் ஒரு வீடியோவாக வந்தது. ஏதோ ஒரு குளிர்தேசம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் காது தொங்கும் குட்டை நாய்களைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் முயல் பிடிக்கிறார்கள். பின்னணியில் மெல்லிய பியானோ. சாயங்காலம் நீள மேசையில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, குழந்தை குட்டியெல்லாம் உட்கார்ந்து அந்தக் கறியைச் சாப்பிடுகிறார்கள். தாடி வைத்த அண்ணன்காரன் ஒரு கரண்டி அள்ளித் தங்கை தட்டில் போடுகிறான். அவள் சிரிக்கிறாள். வீரபத்திரன் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் குடும்பத்திலும் இப்படி ஒன்று இருந்தது. தாத்தா அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போவார். அறுப்பு முடிந்த கையோடு வரப்பில் முயலோ, பெரும்பாலும் எலியோ, அடித்துக்கொண்டு வந்தால் அதைப் பங்கு போட்டு உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் அனுப்புவார்கள். என்ன சண்டை இருந்தாலும் வேட்டைப் பங்கு வாசலுக்கு வந்தால் வேண்டாமென்று கதவைச் சாத்தக் கூடாது. பசித்த வீடுகள் போட்ட சட்டம் அது. அதில் ரோஷத்துக்கென்று தனியாக இடம் ஒதுக்கவில்லை.

ஆக, ஒரு முயல் பிடிக்கவேண்டும். பங்கு போடவேண்டும். ஒரு தூக்குச் சட்டியில் போட்டு ஓரிக்கைக்குக் கொண்டுபோய் நிற்கவேண்டும். கலையரசி வாங்கித்தான் தீரவேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை வாயிலிருந்து விழாமலே காரியம் முடிந்துவிடும். கசாப்புக் கடையில் வாங்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் கறி, பங்கு ஆகாது.

வீடியோவில் வந்த அதே ஜாதி நாய் ஐயம்பேட்டைப் பக்கம் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஜைன நைனார் ஜினகுமார் வீட்டில் இருந்தது. அவர் மகன் அர்ஹந்த் ஆசைப்பட்டு வாங்கிய பீகிள். பையன் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டான். நாயை நல்ல இடத்தில் சேர்க்க ஜினகுமார் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல.

"பேரு லட்டு," என்றார் ஜினகுமார். "பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பாடு போட்டுடணும். இருட்டினப்புறம் தொடாது. தயிர் சாதம், நெய் தடவின சப்பாத்தி, பச்சைக் காய் எதுன்னாலும் சாப்பிடும். கறி, முட்ட வாசனையே அதுக்குத் தெரியாது. எங்க வீட்லயே வளந்துதா, எங்களோட சேந்து விரதம்கூட இருக்கும்."

"நம்ம வூட்லயும் அதே மாதிரிதான் சார். அதெல்லாம் நெனச்சிக்கூடப் பாக்கறதில்ல," என்றார் வீரபத்திரன், காலையில் சாப்பிட்ட ஆட்டுக்கால் பாயாவின் ஏப்பம் ஒன்றைச் சாமர்த்தியமாக விழுங்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் லட்டுவுக்கு 'வேங்கை' என்று பெயர் மாற்றப்பட்டது. இதை வேங்கை உட்பட யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேட்டைப் பயிற்சியின் முதல் பாடமாக வீரபத்திரன் ஒரு கோழிக்காலை நீட்டினார். அது முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. போய் வடிவு நறுக்கிக்கொண்டிருந்த கேரட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"நைனார் வூட்டு நாயி, உங்களவிட நல்ல பழக்கமா வளந்துருக்குது," என்றாள் வடிவு. "இத்த எட்டுக்கினு போயி இன்னா புடிக்கப் போறீங்க, முருங்கக்காயா?"

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் விஷால் நாய்க்குப் பரிந்துகொண்டு வந்தான். "ம்மா, பீகிள்னா ஹன்டிங் பிரீடு. பிளட்லயே இருக்கும். ஆனாப்பா, காட்டு முயல் புடிக்கறது கேஸு. ஃபாரஸ்ட்காரங்க பாத்தா பெயில்கூடக் கெடைக்காது."

"அது காட்டு முயலுக்குடா. நான் புடிக்கப் போறது ஆத்து முயலு."

இந்தச் சட்ட நுணுக்கம் எந்தப் பிரிவில் வருகிறது என்று விஷால் போனில் தேட ஆரம்பித்தான்.

கேஸ் ஆகும் விஷயம் என்பதால் வேட்டையை ரகசியமாக வைத்துக்கொள்வது என்று வீரபத்திரன் தீர்மானித்தார். அந்த ரகசியத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நாயை நிறுத்தி எடுத்த படத்தைக் குரூப்புக்கு முகப்பாக வைத்தார். மறுநாளே ஸ்டாண்டில் டீக்கடைக்காரர், "என்னிக்குங்க வேட்ட?" என்று கேட்டார்.

"எங்க பரம்பர சும்மா பரம்பரன்னு நெனச்சிக்கினியா?" என்று வீரபத்திரன் டிரைவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தார். "பல்லவ ராஜாவுக்கே முயல் புடிச்சிக் குடுத்த பரம்பர. கூரம் செப்பேட்டுலயே இருக்குது."

அவரோடு பத்துப் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டும் ஜெயக்குமார் கேட்டான்: "நீ படிச்சிப் பாத்தியா தலைவரே?"

"அது கிரந்த எழுத்துல இருக்குது. உனக்குப் புரியாது."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"டேய், வண்டி ரொம்பிடுச்சி பாரு, எடு, எடு."

வேட்டைக்கு எந்தப் பக்கம் போவது என்று அவர் வீட்டில் யோசித்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வடிவு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஓரிக்கப் பக்கம் முயலு நெறைய இருக்குதுன்னு சொல்றாங்க." வேட்டை விஷயத்தில் பெண்டாட்டி கருத்துச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓரிக்கை என்ற பெயர் பிடித்திருந்தது. பிடித்த முயலைச் சூட்டோடு சூடாகத் தங்கை வீட்டில் கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் பாலாற்றில் இறங்கினார்கள். வீரபத்திரன், ஜெயக்குமார், விஷால், லட்டு. பாலாற்றில் தண்ணீர் இருந்தால்தான் செய்தி. மற்ற நாட்களில் அது சீமைக் கருவேலம் வளர்வதற்காக ஒதுக்கப்பட்ட இடம். வலை வேண்டுமே என்று விஷால் கிரிக்கெட் பயிற்சிக்குக் கட்டும் பச்சை நெட்டை இரவல் வாங்கி வந்திருந்தான். தலைவர் மட்டும் விசேஷத்துக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முயல்களின் கண்ணில் வெகு தொலைவிலேயே படட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

"ஒருத்தரும் மூச்சு வுடக் கூடாது," என்று கிசுகிசுத்தார். "வேட்டைன்னா சத்தம் ஆவாது. எல்லாம் கை ஜாடைதான்."

கை ஜாடை தொடங்கியது. அவர் இரண்டு விரலைக் காட்டினார். இடதுபக்கம் வளைத்து வா என்று அர்த்தம். ஜெயக்குமார் அதற்கு, "ரெண்டு சீட்டு காலியா தலைவரே?" என்று கேட்டான்.

அப்போதுதான் லட்டு மூக்கைத் தரையில் வைத்தது. வால் கொடிக்கம்பம்போல நிமிர்ந்தது. பிறகு வாயைத் திறந்தது.

அந்த வெள்ளைக்காரன் வீடியோவில் பியானோ மட்டும்தான் கேட்டது. பீகிள் என்பது வாசனை கிடைத்ததும் ஊரைக் கூட்டிச் சொல்வதற்காகவே பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய் என்பதை யாரும் அதில் சொல்லியிருக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு திருட்டு வேட்டைக்குப் போகிறவர்கள், உலகத்திலுள்ள அத்தனை நாய்களிலும் ஒலிபெருக்கி வைத்த நாயாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். "ஆஆ... ஊஊஊ..." சீவாளி கிழிந்த நாதஸ்வரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. ஆற்றின் இரு கரையிலும் காக்கைகள் எழும்பின. கரைமேல் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, "யாருப்பா அது, வாயில்லாத ஜீவன அடிக்கறது?" என்று கத்தினார்.

"வாயில்லாதன்னு எத்த வச்சி சொல்றாரு?" என்றான் ஜெயக்குமார்.

ஒரு முயல் உண்மையிலேயே இருந்தது. புதருக்குப் பக்கத்தில் பின்னங்காலில் எழுந்து நின்று, வெள்ளை வேட்டியையும் பச்சை நெட்டையும் மாறி மாறிப் பார்த்தது. சிரித்ததா என்று சொல்ல முடியாது. அவசரமில்லாமல் புதருக்குள் போய்விட்டது.

"அங்க! அங்கடா! வேங்க, புடி!"

வேங்கை முயல் போன பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று கரைப்பக்கமிருந்து வீசியது. நாய் மூக்கைத் தூக்கி அந்தக் காற்றைக் குடித்தது. அதில் என்ன கிடைத்ததோ, இன்னும் பெரிதாக ஓலமிட்டபடி ஓரிக்கைக் கரையை நோக்கிப் பாய்ந்தது.

"சுத்தி வளைக்கப் போவுது பாரு," என்று வீரபத்திரன் நெட்டைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அனுபவம் பேசுது!"

வேட்டியை மடித்துக் கட்டி ஓடுவதற்கும் தொப்பைக்கும் ஒத்துவராது. ஒரு செருப்பு மணலில் புதைந்தது, விட்டுவிட்டு ஓடினார். கரை ஏறினார். முள்வேலி ஒன்றில் நாய் நுழைந்த ஓட்டையில் தானும் நுழைந்தார். நாய் அளவுக்கு இருந்த ஓட்டை, தலைவர் அளவுக்கு விரிந்தது. மறுபக்கம் புழுக்கையும் வைக்கோலும் கலந்த குப்பைக் குவியலின் மேல் விழுந்தார்.

நிமிர்ந்து பார்த்தால் முயல்கள். எதிரே தகரக் கொட்டகையின் கீழே, கம்பிக் கூண்டுகளில், வரிசை வரிசையாக, வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கண்ணோடு முயல்கள். ஒரு கணம் அவருக்குத் தன் பரம்பரை விஷயத்தில் தானே இட்டுக்கட்டியதெல்லாம் நிஜமாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. வாய் ஓய்ந்த லட்டு ஒரு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள்ளிருந்து ஒரு முயல் காலிஃபிளவர் இலையைத் தின்றுகொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதே இலையின் இன்னொரு முனையை லட்டு தின்றுகொண்டிருந்தது.

"லட்டு, இங்க வாடா," என்று ஒரு குரல் கேட்டது.

கையில் தண்ணீர் வாளியோடு கலையரசி நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கிணறு, முருங்கை மரம் எல்லாம் பழகிய இடத்தில் வந்து உட்கார்ந்தன. தங்கையின் வீட்டை அவர் வாசல்வழியாகத்தான் பார்த்திருந்தார். கொல்லைவழியாக, அதுவும் முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு வருவது இதுவே முதல் தடவை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசப்போகும் முதல் வார்த்தை எதுவாக இருக்கவேண்டும் என்று அவர் பல விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு. "இந்த நாய்க்கு லட்டுன்னு பேருன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"அண்ணி சொல்லிச்சி."

"எந்த அண்ணி?"

"எனக்கு எத்தினி அண்ணி? உன் பொண்டாட்டிதான். தெனம் மத்யானம் பேசறோம். நீ தெருமொனையில வந்து ஹாரன் அடிச்சிட்டு ஓடறதகூட நான்தான் அதுக்குச் சொல்லுவேன்."

கொட்டகையின் மறுபக்கத்திலிருந்து கமல் தடியோடு ஓடிவந்தான். கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபிறகு அவன் கறிக்கு முயல் வளர்க்க ஆரம்பித்திருந்தான். "யாரும்மா அது, திருடனா... அட, மாமா!"

சமையலறை வாசலில் ஓர் இளம்பெண் தலை நீட்டினாள். கமல் மனைவி அனு. வீரபத்திரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள்: "பேனர்ல மூலையில இருந்தாரே, அவராங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மாமா, அந்த பேனரப் பத்தி சொல்லணும்னே இருந்தேன்," என்றான் கமல். "போட்டோ அனுப்புங்கன்னு கேட்டதுக்கு நீங்க சங்கத்து ஆண்டு விழா போட்டோ அனுப்புனீங்க. அதுல மால போட்டுக்கினு ஒரு கூட்டமே நிக்குது. வெட்டி எடுத்தா நீங்க அவ்ளோதான் தேறுனீங்க. பெருசு பண்ணா மூஞ்சி கட்டங்கட்டமா ஆவுதுன்னுட்டாங்க. ஜெபகுமார் சித்தப்பா ஸ்டுடியோல தனியா எடுத்துக் குடுத்தாரு."

வீரபத்திரன் அந்த ஆண்டு விழாப் படத்தை நினைத்துப் பார்த்தார். அதில் தான் ரொம்ப கம்பீரமாக இருந்ததாகத்தான் ஞாபகம். பேச்சை மாற்ற, வேட்டியில் ஒட்டிய புழுக்கையைத் தட்டிக்கொண்டு, சங்கக் கூட்டத்துக் குரலில் சொன்னார்: "நான் வேட்டைக்கி வந்தேன். நம்ம குடும்ப வழக்கப்படி வேட்டப் பங்கு குடுத்துட்டுப் போலாம்னு."

"எங்க பங்கு?"

அவர் கையில் கருவேல முள் மாட்டிய கிரிக்கெட் நெட் இருந்தது. காலில் ஒற்றைச் செருப்பு இருந்தது.

கலையரசி வாளியைக் கீழே வைத்தாள். "போட்டோ சின்னதுன்னு கோவம்னா என்ன நாலு திட்டு திட்டிட்டுப் போயிருக்கலாம்ணா. எலய வுட்டு எழுந்தியே, அதுகூடப் போவுதுன்னு வச்சிக்கோ. தட்ட எதுக்கு எட்டுக்கினு போன? சம்மந்திங்க, சொந்தக்காரங்க அத்தினி பேரு முன்னாடி, பொறந்த வூடே இல்லாதவளாட்டம் நின்னேன் நான்."

இதற்குச் சங்கக் குரலில் பதில் இல்லை. வேறு குரல் ஒன்று அவரிடம் கைவசம் இல்லை.

"ஆவணில..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"தெரியும். அண்ணியும் கூப்டுச்சி, பிரவீனாவும் கூப்டுது. கூப்பட வேண்டியவங்க கூப்படட்டும்னு உக்காந்துக்கினு இருக்கறேன்." சொல்லிவிட்டுக் கமல் பக்கம் திரும்பினாள். "ரெண்டு எடுடா. மொளகு போட்டுக் கொழம்பு வெக்கலாம். வேலியப் பிச்சிக்கினு வந்தவனையும் வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

அதற்குள் ஜெயக்குமாரும் விஷாலும், வேலி ஓட்டையைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக வாசல்வழியாகவே வந்து சேர்ந்தார்கள். ஜெயக்குமார் கையில் தலைவரின் இன்னொரு செருப்பு இருந்தது. மிளகு வறுபடும் வாசனை வரும்போதே வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வடிவும் பிரவீனாவும் இறங்கினார்கள். கலையரசி போனில் கூப்பிட்டவுடன் வந்த வேகத்தைப் பார்த்தால் விடிந்ததும் தலைவாரித் தயாராக இருந்தவர்கள் மாதிரி இருந்தது. கூண்டுகளைப் பார்த்து வடிவு சொன்னாள்: "ஓரிக்கைல முயலு நெறைய இருக்குதுன்னு சொன்னேனே, பொய்யா?"

"கூட்டுச் சதி," என்றார் வீரபத்திரன். அதற்குமேல் அவரால் அந்தக் குற்றச்சாட்டை வளர்க்க முடியவில்லை. அடுப்பிலிருந்து குழம்பு கொதிக்கும் சத்தம் குறுக்கிட்டது.

கூடத்தில் இலை போட்டார்கள். வழக்கம்போல வரிசையின் நடு இலையைப் பார்த்து வீரபத்திரன் நடந்தார்.

"இருண்ணா," என்றாள் கலையரசி. "வேட்டைன்னு வந்துட்டு மொறைய வுட்டா எப்டி? நாய்ப் பங்கு மொதல்ல."

"நாய்ப் பங்கா?"

"மறந்துட்டியா? தாத்தா செய்வாரே. வேட்டைக்கி வந்த நாய் மொதல்ல தின்னாதான் மத்தவங்க கறியத் தொடணும்."

வீரபத்திரனுக்குத் தாத்தாவின் நாய் ஞாபகம் இருந்தது. அதற்கு யாரும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. எது கிடைத்தாலும் அதுவே எடுத்துக்கொண்டு ஓடிவிடும். மனிதர்களுக்கே எலும்பு மிச்சமில்லாத வீட்டில் நாய்க்குப் பங்கு ஏது? கலையரசி அப்பட்டமாகப் புளுகுகிறாள். ஆனால் இப்படி ஒரு முறையே கிடையாது என்று அவர் சொன்னால், கிடையாத எத்தனையோ முறைகளுக்கு இதுவரை அவர் கொடுத்த உத்தரவாதம் என்ன ஆவது?

"தலைவரே," என்றான் ஜெயக்குமார் பணிவாக, "இது செப்பேட்டுல இருக்குதா?"

வீரபத்திரன் தொண்டையைச் செருமினார். "இருக்குது."

கொல்லை நடையில், வெறுந்தரையில், ஒரு சின்ன இலை போட்டு, கலையரசி இரண்டு துண்டு கறியும் கொஞ்சம் சோறும் வைத்தாள். லட்டுவைக் கூப்பிட்டார்கள். வந்தது. முகர்ந்தது. தும்மியது. இப்படி ஒரு பொருளைத் தன் முன்னால் வைத்துவிட்டீர்களே என்பதுபோல எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, காலிஃபிளவர் இலைக்குத் திரும்பிப் போனது. கூடத்தில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. விஷாலின் வயிறு கூப்பிடுவது எல்லாருக்கும் கேட்டது.

"நாய் தொடலன்னா?" என்று அனு கேட்டாள்.

"நாய்க்காரன் சாப்புடணும்," என்றாள் கலையரசி, சற்றும் யோசிக்காமல். "இந்த எடத்துலயே. அதுக்கப்புறந்தான் மத்தவங்களுக்கு."

வீரபத்திரன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலும் சிரிப்பு வரும்போது இப்படித்தான் கடிப்பாள். அழுகை வரும்போதும் இப்படித்தான் கடிப்பாள். இப்போது எது வரப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. ஜெயக்குமார் புண்ணியத்தில் இரண்டு செருப்பும் இருந்தன. எழுந்து போவதில் அவருக்கு இருந்த பயிற்சிக்குக் குறைவே இல்லை.

சங்கத் தலைவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கொல்லை நடையில், நாய்க்குப் போட்ட இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பிரவீனா போனைத் தூக்கினாள். வடிவு அந்தக் கையை மெதுவாகத் தட்டி இறக்கினாள். கறி நன்றாக வெந்திருந்தது. வீரபத்திரன் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மொளகு காரம்," என்றார், யாரும் கேட்பதற்குள்.

"நாய்க்குன்னு கம்மியாத்தான் போட்டேன்," என்றாள் கலையரசி.

அவர் மூன்றாவது வாயை அடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். வாய் நிறையக் கறி இருக்கும்போது சொல்வது கெஞ்சலில் சேர்த்தியில்லை என்பது அவர் கணக்கு.

"இன்னாது? கேக்கல. முழுங்கிட்டுப் பேசு."

முழுங்கினார். "ஆவணில நீ வாம்மா. நீ வந்து அவள மணையில உக்கார வெச்சாதான் நிச்சயம். இல்லன்னா அது நடக்கவே வேணாம்."

"பொண்ணு நிச்சயத்தயே நிறுத்தறேன்னு மெரட்டிக் கூப்புடற ஒரே ஆளு நீதான்ணா."

"மெரட்டலம்மா." அது சங்கக் குரல் இல்லை. "தட்ட... அந்தத் தட்ட நான் எட்டுக்கினு போயிருக்கக் கூடாது."

கலையரசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் இன்னும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. மிளகுமேல் பழி போட அவளுக்கு வழியில்லை.

"செரி, எழுந்து உள்ள வா. நாய்ப் பங்கு முடிஞ்சிது. அவங்கல்லாம் பசியில கெடக்கறாங்க."

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தபோது நடு இலையில் ஜெயக்குமார் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். வீரபத்திரன் அவனை ஒன்றும் சொல்லாமல் வடிவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தார். அனு குழம்புச் சட்டியோடு வந்து, தாய்மாமனுக்கு எந்தத் துண்டு வைத்தால் குறைவாகிவிடாது என்று தெரியாமல் கரண்டியைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

"மாமா, தொடையா, நெஞ்செலும்பா?"

"எது வருதோ அத்தப் போடும்மா," என்றார் வீரபத்திரன்.

வடிவு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, வெயிலில் ஓடியதில் ஏதாவது ஆகிவிட்டதா என்று இடது கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.